மாப்பிள்ளை தேர்ந்தெடுத்த தீயவன்

தங்கைக்கு நிச்சயமான மாப்பிள்ளையை, காந்திபுரத்தில் நண்பர்களோடு நான் ஆடும் கதை விளையாட்டுக்கு அழைத்துப் போனேன். பகடை உருட்டி, அவரவர் பாத்திரமாகவே பேசி ஆட வேண்டும். பாத்திரம் நல்லவனா தீயவனா என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். நான் நல்லவன். அவர், "நான் தீயவனாவே இருந்துக்கறனுங்க" என்றார்.

கதையில் ஓர் ஊருக்கே தீ வைத்தபோதும் அவர் குரல் மாறவில்லை. இவருக்கா தங்கையைக் கொடுக்கப்போகிறோம்?

வீட்டுக்கு வந்து அவளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"ஏனுங்ணா, அவரும் இப்பத்தான் போன் பண்ணுனாரு. ஆட்டத்துல நல்லவனா இருந்துட்டே, கும்பிட்ட கைதியக் கொல்லச் சொன்னீங்களாமா. உங்களப் பாத்தா பயமா இருக்குதுன்னாரு."

சொன்னேன்தான். அதுவரை அது எனக்கு உறைக்கவே இல்லை என்பது இன்னும் பயமாக இருந்தது.

கல்யாணம் நடந்தது. நாங்கள் இருவரும் இன்றும் பார்த்துத்தான் பேசிக்கொள்கிறோம்.