இருவர் எழுதிய ஒரே முடிவுரை

பிரிக்பீல்ட்ஸ் கல்லூரியில் ஆங்கில வாசிப்பு, எழுத்துப் பாடம் படித்தேன். கடைசிக் கட்டுரைக்கு, ‘இந்த வகுப்பில் நான் எப்படி வளர்ந்தேன்’ என்பது தலைப்பு.

கட்டுரையைக் கொடுத்த மறுவாரம், போர்ட் கிள்ளான்காரியான என்னையும் ரவாங்கிலிருந்து வரும் சங்கீதாவையும் விரிவுரையாளர் தம் அறைக்கு அழைத்தார். எங்கள் இருவரின் கடைசிப் பத்தியும் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒன்றாக இருந்ததாம்.

“யாரு யாரைப் பார்த்து எழுதுனீங்க? சொல்லலைன்னா ரெண்டு பேருக்கும் ஃபெயில்தான்.”

எனக்குச் சங்கீதா மேல்தான் சந்தேகம். அன்று லைப்ரரியில் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேனே! அவளும் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“அந்தப் பத்தியை நான் பார்க்காமலே சொல்றேன், மேடம்” என்று ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் அவளும் சேர்ந்துகொண்டாள். கட்டுரையில் இல்லாத வரிகளையும் ஒரே ராகத்தில் ஒப்பித்தோம்.

சங்கீதாதான் முதலில் நிறுத்தினாள். “ஐயோ, இது எஸ்.பி.எம். டியூஷன்ல மனப்பாடம் பண்ணது லா! எந்தத் தலைப்புக்கும் போடலாம்னு சொல்லிக் கொடுத்தாங்களே!”

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.முக்கு எங்கள் ஊர் டியூஷனிலும் எனக்கு அதையேதான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

மேடம் சிரிக்கவில்லை. “அப்போ இந்த வகுப்புல வளர்ந்தது யாரு?” என்று கேட்டுவிட்டு, மறுபடி எழுதச் சொன்னார்.

இப்போதெல்லாம் எழுதும்போது ஒரு வரி தடங்கலே இல்லாமல் வந்து விழுந்தால், அன்று சங்கீதாவைப் பார்த்த அதே கண்ணால் அதைப் பார்க்கிறேன்.