கர்ப்பிணியின் கணவன் கப்பல் ஏறினான்

மாடம்பாக்கத்தில் கிரீஷைப் போல இன்னொரு பயந்தாங்கொள்ளியைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். கதவைப் பூட்டினோமா என்ற சந்தேகத்தில் தெருமுனை வரை போய் வண்டியைத் திருப்புவான். பள்ளிக்கரணையில் மழை என்று கேள்விப்பட்டால் தாம்பரத்திலேயே பேன்ட்டை மடித்துவிட்டுக்கொள்வான். ஆஸ்பத்திரிகளின் ரத்தப் பரிசோதனை மெஷின்களைப் பழுது பார்ப்பது அவன் வேலை. அதில் மட்டும் கை நடுங்காது.

ஆனால் இந்தத் தடவை அவன் பயந்ததைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது. மனைவி மிருதுளாவுக்கு ஆறாம் மாதம். மனைவி முழுகாமல் இருக்கும்போது கணவன் முடி வெட்டக்கூடாது, மலை ஏறக்கூடாது, கடல் பக்கமே போகக்கூடாது என்பது அவன் அம்மா நாகலக்ஷ்மி போட்ட சட்டம். முதல் தடவை மிருதுளா உண்டானபோது அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆபீஸ் நண்பர்களோடு மகாபலிபுரம் போய்க் கடலில் ஆசைதீரக் குளித்துவிட்டு வந்தான். அடுத்த வாரம் கரு கலைந்தது. டாக்டர் வேறு காரணம் சொன்னார். அம்மா, "சொன்னேனேடா" என்றாள், அவ்வளவுதான். டாக்டர் சொன்னது மறந்துவிட்டது. அம்மா சொன்னது தைத்துக்கொண்டது. இப்போது அவன் முடி காதை மூடி வளர்ந்து தொங்கியது.

அந்த நேரம் பார்த்து யாழ்ப்பாணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மெஷின் படுத்துவிட்டது. அதற்கென்றே வரும் பேட்டரியை விமானத்தில் ஏற்ற மாட்டார்களாம்.

"நாகப்பட்டினத்துலேர்ந்து கப்பல் போகுதே கிரீஷ். நம்ம டீம்ல பாஸ்போர்ட் இருக்கிற ஒரே ஆள் நீங்கதான்" என்றார் மேனேஜர்.

முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வீட்டில் உண்மையைச் சொல்லவும் வரவில்லை. நாகப்பட்டினத்தில் வேலை, ரெண்டு நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லிக் கிளம்பினான்.

கப்பல் துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் ஆட ஆரம்பித்தது. பையைத் தூக்கி மேலே வைத்துவிட்டு உட்கார்ந்தவன் போனை எடுத்துப் பார்த்தான். மிருதுளாவிடமிருந்து மிஸ்டு கால். அதற்கு மேலே இன்னொன்று. அதற்கும் மேலே அம்மாவிடமிருந்து. திருப்பிக் கூப்பிட்டான். டவர் இல்லை. ஜன்னல் பக்கம் போனான், படியருகே போனான், போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். ஒன்றும் ஆகவில்லை.

அம்மா அவன் வேலை நேரத்தில் கூப்பிடவே மாட்டாள். முதல் தடவையும் இப்படித்தான், இரண்டு பேரும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். மிருதுளா பாத்ரூமில் விழுந்து கிடக்கிறாள், ஆட்டோ கிடைக்காமல் அம்மா தெருவில் நிற்கிறாள் என்று மனசு பாட்டுக்குக் கதை கட்டியது. சுற்றிலும் தண்ணீர். இறங்கி ஓடக்கூட இடமில்லை. நான் கடலில் காலை வைத்தேன், அங்கே குழந்தை போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டான்.

பக்கத்து சீட்டில் கதிரேசன் என்கிற துணி வியாபாரி. மாதா மாதம் போய் வருகிறவர். "மயக்கம் வருதா சார்? எலுமிச்சம்பழம் தரவா?" என்று கேட்டார்.

"வீட்டுலேர்ந்து கூப்பிட்டாங்க. எதுக்குன்னு தெரியல. வைஃப் கன்சீவா இருக்காங்க."

கதிரேசன் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. "அக்கரை தெரிய ஆரம்பிச்சதும் என் இலங்கை சிம்முல சிக்னல் வந்துடும். மொத கால் உங்களோடதுதான்" என்றார்.

காத்திருந்த நேரத்தில் கிரீஷ் குலதெய்வத்துக்கு மொட்டை நேர்ந்துகொண்டான். வேலையை விட்டுவிடுவதாகவும் சேர்த்து வேண்டிக்கொண்டான். கடைசியில், அவளாவது பிழைக்கட்டும் என்று நினைத்து, அப்படி நினைத்ததற்கே கண் கலங்கினான்.

கரை ஒரு கோடாகத் தெரிந்தபோது கதிரேசன் வாட்ஸ்அப்பில் எண்ணைப் போட்டுப் போனை நீட்டினார்.

"மிருது, நான்தான். என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. கேஸ் சிலிண்டர் வந்துச்சு. ஓடிபி உங்க போனுக்குத்தானே வரும். அந்த ஆள் அவசரப்பட்டார், அதான் அத்தையும் கூப்பிட்டாங்க."

"நீ நல்லா இருக்கியா? வயிறு?"

"ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்."

கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "சரி. இங்க நாகப்பட்டினத்துல சரியா டவர் இல்ல" என்றான்.

"பீரோல உங்க பாஸ்போர்ட் இல்ல" என்றாள். "காலையிலயே பாத்துட்டேன். அத்தைகிட்ட சொல்லல."

கிரீஷ் சட்டைப்பையிலிருந்த பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"கடல் ரொம்ப ஆடிச்சா?"

"ஆமா."

"பயந்தீங்களா?"

"ரொம்ப."

"நானும்தான். காலையிலேர்ந்து சாப்பாடே இறங்கல." அவள் குரல் உடைந்து, பிறகு தேறியது. "திரும்பி வரும்போதும் அதுலதானே வரணும். ஏறுறதுக்கு முன்னாடி சொல்லிட்டு ஏறுங்க. ரெண்டு பேருமா சேர்ந்தே பயந்துக்கலாம்."