கண்ணாடிக் கதவில் யார் கை?

சஞ்சய், ரூபிணி… தீபாவளிக்கு மறுநாள் காலை, ஹால் கண்ணாடிக் கதவில் எண்ணெய்க் கைத்தடங்களைப் பார்த்து அம்மா உங்கள் இருவரையும் நிற்கவைத்து விசாரித்தாளே? நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. நான் நாளிதழுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அந்த வழக்கைப் பற்றித்தான் இந்த வாரப் பத்தி. வாசகர்களே நீதிபதிகள்.

தீபாவளி நெருங்கினால் எனக்குச் சுத்தப் பைத்தியம் பிடிக்கும். திறந்த இல்ல உபசரிப்பு ஆயிற்றே! வருகிறவர்கள் முறுக்கைத் தின்பார்களா, கதவைப் பார்ப்பார்களா? முறுக்கைத்தான் தின்பார்கள். ஆனாலும் பழைய பேப்பரை நனைத்து மூன்று நாள் தேய்த்தேன். "கண்ணாடியில கைய வச்சீங்க, பட்டாசு கிடையாது!" என்று உங்களை மிரட்டினேன். கடைசியில் அங்கே கதவு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அவ்வளவு பெருமை எனக்கு.

தீபாவளி காலை. சுங்கை பாக்காப்பிலிருந்து உங்கள் மாமா சரவெடியோடு வந்து இறங்கினார். வேலியில் தொங்கவிட்டார். லைட்டரை எடுத்தார். அந்த நேரம் — 'டம்!'

"மச்சான், நான் இன்னும் பத்தவைக்கலியே!"

கதவடியில் ஒரு பறவை மல்லாந்து கிடந்தது. பச்சை முதுகு, நீல இறக்கை, மஞ்சள் மார்பு, வயிற்றின் கீழே சிவப்பு, கண்ணோரம் கறுப்புப் பட்டை. வால் மட்டும் பேருக்குத்தான். துணிக்கடைக்குப் போய், இருந்த எல்லா நிறத்தையும் வாங்கி உடுத்திக்கொண்டது போல! நம் வீட்டுக்கு மைனாவையும் காக்கையையும் தவிர யார் வந்திருக்கிறார்கள்?

பக்கத்து வீட்டு காதர் அண்ணன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். சூலியா தெருவில் பணமாற்றுக் கடை வைத்திருந்தவர். எந்த நாட்டு நோட்டையும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். பறவையையும் சொன்னார்.

"பூரோங் பாச்சாட்லா தம்பி, மலாய்ல அட்டைக் குருவி. அட்டை, புழு திங்கிறது. இந்த மாசத்துல வடக்கேருந்து வரும். வெளிநாட்டு விருந்தாளி. தண்ணிகிண்ணி ஊத்தாதே. பெட்டியில வச்சு மூடு. சத்தம் ஆகாது."

சத்தம் ஆகாதாம். தீபாவளியன்று!

"பொழைச்சிடுமாண்ணே?"

"கழுத்து ஒடியலன்னா பொழைக்கும். ஒரு மணி நேரம் பாரு."

சஞ்சய், நீ உன் புதுச் சப்பாத்துப் பெட்டியைக் காலிசெய்து கொடுத்தாய். ரூபிணி, நீ அதை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாய்.

"ஒரு பூரோங்குக்காகத் தீபாவளிய நிப்பாட்டுறியா மச்சான்? அஞ்சு நிமிசம்லா!" என்றார் மாமா.

உண்மையைச் சொல்கிறேன், என் கையும் அரித்தது. அந்தச் சரவெடியைப் பற்றித் தெருக்கோடி வரை சொல்லி வைத்திருந்தேன். "பெட்டிய உள் ரூம்ல வச்சிட்டா…" என்று இழுத்தேன்.

ரூபிணி, அப்போது நீ நிமிர்ந்து பார்த்தாய். "அப்பா, கண்ணாடிய இவ்ளோ தொடைச்சது யாரு?"

நான் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன். இருந்தாலும் கேள்வி புரிந்தது. பூனைமேல் பழியைப் போடலாம் என்றால் நம்மிடம் பூனையும் இல்லை.

மாமாவின் லைட்டரை வாங்கி என் ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டேன்.

விருந்தாளிகள் வந்தார்கள். வாசலிலேயே நின்று குசுகுசுத்தார்கள். "என்னலா, வீட்டுல யாருக்கும் ஒடம்பு சரியில்லையா?"

"ஒரு வெளியூர்க்காரருக்கு" என்றேன். அம்மாவின் முறுக்கைக் கடித்தால் சரவெடி மாதிரிதான் கேட்கும்; அதனால் மாமா அதைக் காப்பியில் நனைத்துத் தின்றார்.

ஒரு மணி நேரம் போனது. ஒன்றுமில்லை. சஞ்சய், உனக்குக் கண் கலங்கியதைப் பார்த்தேன். பிறகு… பெட்டிக்குள் ஒரு கீறல். இன்னொன்று. மூடியைத் திறந்தீர்கள். அது குதித்து இறங்கி, கண்ணாடியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாழப் பறந்து காதர் அண்ணன் வீட்டு ரம்புத்தான் மரத்துக்குள் போய்விட்டது. பெட்டியில் நன்றிக்கடனாக ஒரு வெள்ளை எச்சம்.

பறவை பக்கத்து மரத்தில் இருக்கும்போது எப்படி வெடிப்பது? சரவெடி வேலியிலேயே தொங்கியது. பிற்பகல் மழை அதைக் குளிப்பாட்டிவிட்டது. மாமா என்னோடு இன்னும் பேசவில்லை.

மாலையில் எல்லாரும் கோயிலுக்குக் கிளம்பினீர்கள். கால் வலி என்று நான் தங்கிவிட்டேன். பொய்தான். மழை விட்டிருந்தது. கண்ணாடிக் கதவு வானத்தையும் மரத்தையும் அச்சு அசலாகக் காட்டிக்கொண்டு நின்றது.

முறுக்குத் தட்டை எடுத்தேன். நான்கு தின்றேன். கையைத் துடைக்கவில்லை. வெளிப்பக்கம் போய், நாற்காலி போட்டு ஏறி, மேலிருந்து கீழே ஒரு சாணுக்கு ஒன்றாக, ஐந்து விரலும் பதியப் பதிய அழுத்திக்கொண்டே வந்தேன்.