மூன்றாம் அழைப்பு

ஒதீல் கிட்ரி வாய் ஓயாத பெண். அமெரிக்காவின் தெற்கே, லூசியானாவின் சதுப்புக் கரையில், தெருவோடு போகிறவரைக்கூடக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போடுகிற குடும்பம் அவளுடையது. ஊருக்குப் பக்கத்துக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, மூன்றாம் வருஷத்துக்கு மினசோட்டாவின் வடகோடியில் இருந்த ஒரு கல்லூரிக்கு மாறி வந்தாள். அவளுக்கு ஏரிகளைப் பற்றிப் படிக்க ஆசை. ஏரிகள் என்னவோ நன்றாகத்தான் இருந்தன. மனிதர்கள்தான் பிடிபடவில்லை.

விடுதியில் அவளோடு ஒரே மாடியில் இருந்தவர்கள் முதல் வருஷத்திலிருந்தே ஒட்டிக்கொண்ட கூட்டம். சாப்பாட்டுக்கூடத்தில் யாருக்கு எந்த மேசை என்பதெல்லாம் என்றைக்கோ முடிவான விஷயம். பார்த்தால் சிரிப்பார்கள், கதவைத் திறந்து பிடிப்பார்கள், "பனி வழுக்கும், பாத்துப் போ" என்பார்கள். அதோடு சரி. அக்டோபர் முடிவதற்குள் ஒதீலுக்குப் பேச்சே மறந்துவிடும் போலிருந்தது.

"கிறிஸ்துமஸுக்கு வரும்போது பெட்டி படுக்கையோட வந்துடறேம்மா. பழைய ஊரே போதும்," என்று தொலைபேசியில் அழுதாள்.

"ஒரு தடவை சமைச்சுப் போட்டுப் பாருடி தங்கம். சோத்துக்கு மசியாத ஆளு உண்டா? அதுக்கப்புறமும் ஒட்டலேன்னா, வந்துடு," என்றாள் அம்மா.

சனிக்கிழமை மத்தியானம் மாடியின் பொதுச் சமையலறையை ஒதீல் பிடித்துக்கொண்டாள். மாவை எண்ணெயில் கருஞ்சிவப்பாகும்வரை கிளறி, கோழியும் வெண்டைக்காயும் புகைபோட்ட தொத்திறைச்சியும் சேர்த்து ஒரு பானை நிறைய கம்போ என்கிற தன் ஊர்க் குழம்பை வைத்தாள். வாசனை மாடியையே தூக்கியது. எதிர் அறை பிரிட்டா ஹால்வர்சனில் ஆரம்பித்துக் கதவு கதவாகத் தட்டினாள்.

"கம்போ வச்சிருக்கேன், சாப்பிட வாங்க!"

"ஐயோ, உனக்கெதுக்குச் சிரமம்? இருக்கட்டும்," என்றாள் பிரிட்டா.

"இப்பதான் ஏதோ கொறிச்சோம்," என்றார்கள் அடுத்த அறையில். எல்லாக் கதவிலும் இதே பாட்டு.

ஒதீலின் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பானைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்தாள். அம்மா சொன்ன கடைசி வழியும் அடைபட்டுப் போயிற்றே என்று கண் நிறைந்தது.

அப்போது பிரிட்டா எட்டிப் பார்த்தாள். "கொஞ்சம் உப்பு கெடைக்குமா?" கையில் சூப் கிண்ணம். அவளுக்குப் பின்னால் தாழ்வாரத்தில் இரண்டு பேர், ஒரு காகிதம்கூட ஒட்டாத அறிவிப்புப் பலகையை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒதீலுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உப்புக்கு இவ்ளோ பெரிய கிண்ணமா? பசிக்குதுன்னா சொல்லித் தொலையேன்டி! கூப்பிட்டப்ப வேண்டாம்னீங்க?"

பிரிட்டாவின் காது சிவந்தது. "நீ ஒரு தடவைதானே கூப்பிட்டே?"

"பின்னே எத்தனை தடவை கூப்பிடணும்?"

"முதல் தடவை சும்மா உபசாரம். ரெண்டாவது தடவை யோசிக்கலாம். மூணாவது தடவை கூப்பிட்டாத்தான் நெஜமா கூப்பிடறாங்கன்னு அர்த்தம். நீ பாட்டுக்குத் திரும்பிப் போயிட்டே. எங்களைப் பிடிக்கலையோன்னு நெனச்சோம்."

ஒதீல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கரண்டியையும் மூடியையும் எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடி, ஏலக்காரனாட்டம் தட்டிக் கத்தினாள்: "ரெண்டாந் தரம், வாங்க! மூணாந் தரம், வாங்க!"

அத்தனை கதவும் திறந்தன. அத்தனை பேர் கையிலும் கிண்ணமும் கரண்டியும் தயாராக இருந்தன, கள்ளிகள்!

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் ஒதீல்.

"மோசமில்ல," என்று மூன்றாவது கிண்ணத்தை வழித்தாள் பிரிட்டா. அந்த ஊரில் அதற்குமேல் பாராட்டு கிடையாது. பானையின் அடியில் மிஞ்சிய ஒரே ஒரு கரண்டியை மட்டும் யாரும் தொடவில்லை; கடைசி வாயை எடுப்பது அங்கே மரியாதைக் குறைவு. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஒதீல் அதைத் தன் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டாள். மாடியே மூச்சை இழுத்துப் பிடித்தது, பிறகு கொல்லென்று சிரித்தது.

பானை கழுவும்போது பிரிட்டா மெதுவாகக் கேட்டாள். "நன்றித் திருநாளுக்கு எங்க வீட்டுக்கு வரியா? அம்மா வான்கோழி பண்ணுவாங்க. உனக்கு வேற வேலை இருந்தா..."

"வரேன்."

இரண்டாவது அழைப்பையும் மூன்றாவது அழைப்பையும் வாயில் தயாராக வைத்திருந்த பிரிட்டா அப்படியே நின்றுவிட்டாள். அவள் பிறந்ததிலிருந்து முதல் தடவையிலேயே யாரும் அவளுக்குச் சரி சொன்னதில்லை.

"எங்க வீட்டுக்கு வர அவ்வளவு ஆசையா உனக்கு?"

"ஆமாடி. படிப்பு முடியறவரைக்கும் இங்கதானே இருக்கப் போறேன், வராம எங்க போவேன்?"

கட்டிப்பிடித்துப் பழக்கமே இல்லாத பிரிட்டா, சோப்பு நுரை சொட்டச் சொட்ட அவளைக் கட்டிக்கொண்டாள்.