மாவுப்பூச்சி வளர்த்த சாந்தாமேரி

மாவுப்பூச்சியை ஒழிக்கக் கூலி வாங்குகிறவர்கள் நிறைந்த எஸ்டேட்டில், அதை வளர்ப்பதற்குக் கூலி வாங்கிய ஒரே ஆள் சாந்தாமேரிதான்.

ஏற்காட்டிலிருந்து வெள்ளக்கடைக்குப் போகிற சாலையில், இடது பக்கச் சரிவில் இருந்தது அந்தக் காப்பி எஸ்டேட். எண்பதுகளின் தொடக்கத்தில் மழை இரண்டு வருஷம் ஏமாற்றியது. வறண்ட காற்றில் மாவுப்பூச்சி பெருகியது. காப்பிச் செடியின் கணுக்களிலும் பிஞ்சுக் கொத்துகளிலும் யாரோ அரிசிமாவை அள்ளித் தூவியதுபோல் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சியது. பிஞ்சுகள் கறுத்து உதிர்ந்தன. மருந்து அடித்தார்கள். கொஞ்ச நாள் அடங்கியிருந்த பூச்சி, முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. மறுபடியும் அடித்தார்கள்.

அப்போதுதான் காப்பித் துறையிலிருந்து ஒரு ஆபீசர் அட்டைப்பெட்டியோடு வந்தார். பெட்டிக்குள் மிளகைவிடச் சிறிய வண்டுகள். கரிய முதுகு, தலையும் வால்பக்கமும் மட்டும் செங்காவி. பொறிவண்டில் ஒரு ஜாதி. மாவுப்பூச்சிதான் இதற்கு ஆகாரம், வளர்த்துத் தோட்டத்தில் விட்டால் மருந்துச் செலவு பாதியாகும் என்றார். வளர்க்க ஆள் வேண்டுமே என்று எஸ்டேட்டை நடத்திய துரை யோசித்தபோது, எஸ்டேட் கணக்கைப் பார்க்கும் ரைட்டர் தேவசிகாமணி சொன்ன பெயர் சாந்தாமேரி.

அவளுக்கு அப்போது முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் வலது கால் சூம்பிவிட்டது. சரிவில் ஏறிப் பழம் பறிக்க முடியாது. பழம் உலர்த்தும் களத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில் உட்கார்ந்து காப்பிக்கொட்டையில் உடைசல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்த இடத்தில் செய்யக்கூடிய வேலை என்பதால்தான் ரைட்டர் அவள் பெயரைச் சொன்னார். அவளுடைய அம்மா தெரசம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. "ஊரே அந்தச் சனியன் ஒழியோணும்னு செபம் பண்ணுது. நீ அத சோறு போட்டு வளத்தப் போறியா?" என்று கேட்டாள்.

களத்துக்குப் பின்னால் பழைய சாக்குகள் கிடந்த அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். சேலத்திலிருந்து அரசாணிக்காய்கள் வந்து இறங்கின. வேறு ஊர்களில் பரங்கிக்காய் என்பார்களே, அதே காய்தான். மாவுப்பூச்சி பிடித்த காப்பிக் கிளைகளை அந்தக் காய்களின்மேல் சாய்த்து வைத்து, சன்னலைச் சாக்கால் மூட வேண்டும். பூச்சி மெல்ல இறங்கிக் காயில் ஒட்டும். நாளாக ஆகக் காய் முழுவதும் வெள்ளை பூக்கும். பிறகு காயைத் துணி கட்டிய மரப்பெட்டிக்குள் வைத்து வண்டுகளை விடுவாள். வண்டு முட்டையிடும், முட்டையிலிருந்து வரும் புழு மாவுப்பூச்சியைத் தின்று கொழுக்கும்.

அந்தப் புழுவை முதன்முதலில் பார்த்தபோது சாந்தாமேரி ஏமாந்துபோனாள். அதன் உடம்பு முழுக்கவும் வெள்ளை மெழுகு இழைகள். பார்த்தால் பெரிய மாவுப்பூச்சி மாதிரியே இருந்தது. உற்றுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். மாவுப்பூச்சி அசைவது கண்ணுக்கே தெரியாது, இது விறுவிறுவென்று நடக்கும். இழைகளும் இதற்கு நீளம். பசித்த ஆட்டுக்குட்டி மாதிரி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி மேயும். அவள் சோற்றுத் தூக்கைத் திறக்க மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்த மத்தியானங்கள் உண்டு.

வண்டுகள் பெருகியதும் சரிவின் அடியில் இருந்த காட்டில் விடுவதென்று முடிவாயிற்று. எஸ்டேட்டில் ஒவ்வொரு பகுதியையும் காடு என்றுதான் சொல்வார்கள். அந்தக் காட்டின் எல்லைக்கு அப்பால் மலையின் பூர்வகுடி மலைக்காரர் அங்கப்பனின் சொந்த நிலம். சாந்தாமேரியை ஜீப்பில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார்கள். ஜீப்பின் முன்சீட்டில் அவள் உட்கார்ந்தது அன்றுதான். கண்ணாடிக் குடுவைகளைத் திறந்து இலைகளின்மேல் தட்டித் தட்டி விட்டாள். பறிப்புக்காரப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த தொகுதிக்குக் காய் போதவில்லை. ஒரு காலைப் பஸ்ஸில் சேலம் இறங்கி, மார்க்கெட்டில் தட்டித் தட்டிப் பார்த்து அரசாணிக்காய் வாங்கி, மூட்டையைப் பஸ் மேலே ஏற்றிவிட்டுச் சாயங்காலம் மலையேறினாள். ஏற்காட்டு ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்கி, எஸ்டேட் ஜீப்பில் வரும்போது மூடுபனி இறங்கியிருந்தது. கேட்டைத் தாண்டியதும் பனியோடு சேர்ந்து அந்த நாற்றம் வந்தது. மருந்து நாற்றம்.

"எந்தக் காட்டுலீங்க அடிச்சாங்க?" என்று டிரைவரைக் கேட்டாள்.

"அடிக்காட்டுலதான் புள்ள. பூச்சி நொம்பப் பெருசு பெருசா வந்துருச்சுன்னு ரைட்டரய்யா இன்னைக்கே அடிக்கச் சொல்லிட்டாரு."

அவள் வண்டியை நிறுத்தச் சொன்னாள். மூட்டையை அப்படியே விட்டுவிட்டு, செடிகளைப் பிடித்துப் பிடித்துச் சரிவில் இறங்கினாள். அத்தனை தூரம் தனியாக அவள் இறங்கியதே இல்லை. இலைகளில் இன்னும் ஈரம் இருந்தது. அடியில் சருகுகளின்மேல் வெள்ளை இழைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. பூச்சி பெருத்துவிட்டது என்று பறிப்புக்காரிகள் சொன்னதும், ரைட்டர் வந்து பார்த்ததும், மருந்தடிக்க உத்தரவு போட்டதும் எல்லாம் இந்தப் புழுக்களைப் பார்த்துத்தான்.

மருந்தடிக்கும் பம்பை முதுகிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான் மரியதாஸ். எஸ்டேட்டில் வருஷக்கணக்காக மருந்தடிப்பவன், கூலிக்காரர்களுக்கு எஸ்டேட் கட்டிக்கொடுத்த லைன் வீடுகளில், அவள் வரிசையின் கடைசி வீட்டுக்காரன். பெண்டாட்டியை இழந்து, பேச்சும் குறைந்துபோன ஆள்.

"இதெல்லாம் மாவுப்பூச்சி இல்லீங்க," என்றாள் சாந்தாமேரி. "என்ற வண்டுக் குஞ்சுங்க."

மரியதாஸுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையில் இருந்த குழாயைக் கீழே போட்டான். "எனக்குத் தெரியாதுங்களே," என்று மட்டும் சொன்னான்.

அவளால் அவன்மேல் கோபப்பட முடியவில்லை. ரைட்டர்மேலும் முடியவில்லை. புழு இப்படித்தான் இருக்கும் என்று ஒரு வார்த்தை யாரிடமாவது சொல்லியிருந்தாளா? அறைக்குள் நாளெல்லாம் பார்த்துப் பழகியதில், தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டாள். சரிவில் ஏற முடியாமல் அவள் தடுமாறியபோது மரியதாஸ் முன்னால் நடந்து, செடிக்கிளைகளை விலக்கிப் பிடித்துக்கொண்டே போனான். மருந்து படிந்த கை என்பதால் அவளைத் தொட்டுத் தூக்கவில்லை.

விட்ட வண்டெல்லாம் வீணாயிற்று என்று துரை அந்த முயற்சியை அத்தோடு கைவிட்டார். அறையைப் பூட்டினார்கள். காய்களை மாட்டுக்குப் போட்டார்கள். சாந்தாமேரி மறுபடியும் கொட்டகையில் உடைசல் பொறுக்க உட்கார்ந்தாள். சனியன் ஒழிந்ததென்று தெரசம்மாள் மாதா கோயிலில் மெழுகுத்திரி ஏற்றிவிட்டு வந்தாள்.

பழம் சிவக்கிற பருவம் வந்தது. ஒருநாள் மத்தியானம் அங்கப்பனின் மனைவி கண்ணாயி கொட்டகை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு காப்பிக் கிளை.

"ஏனுங் கண்ணு, இதப் பாரு. உன்ற வண்டு எங்க காட்டுல மேயுது."

கிளையின் கணுவில் இரண்டு வண்டுகள். கரிய முதுகு, செங்காவித் தலை. சாந்தாமேரி மடியில் இருந்த கொட்டையெல்லாம் சிதற எழுந்துவிட்டாள்.

"அது எப்புடீங்க உங்க காட்டுக்கு வந்துச்சு?"

"பறந்துதான் வந்திருக்கோணும். நாங்க மருந்தே அடிக்கிறதில்லையே, சாமி. பலாவும் கமலாவும் கொய்யாவுமா கெடக்குது. அதுக்குக் கீழ காப்பி. எல்லாம் தின்னுட்டுப் போவட்டும்னு உட்டுருவோம்."

அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் சாந்தாமேரி மரியதாஸ் வீட்டு வாசலில் போய் நின்றாள். "கண்ணாயி காட்டுல என்ற வண்டுங்க இருக்குதுங்க. என்னால அந்தச் சரிவுல எறங்கி ஏற முடியாதுங்க. நீங்க வர்றீங்களா?" என்று கேட்டாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, சோப்புப் போட்டுக் கையை இரண்டு தடவை கழுவிக்கொண்டு வந்தான். கண்ணாயியின் பலா மரங்களுக்கு அடியில் அவன் கிளைகளை வளைத்துப் பிடிக்க, அவள் வண்டுகளை ஒவ்வொன்றாக ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் தட்டினாள். அங்கப்பன் கமலாச் சுளைகளை இலையில் வைத்துக் கொடுத்துவிட்டு, இவர்கள் இருவரும் என்னதான் செய்கிறார்கள் என்று பீடி பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

எஸ்டேட் அறைதான் பூட்டிக் கிடக்கிறதே! லைன் வீட்டில் தன் கட்டிலுக்கு அடியில் அரசாணிக்காய்களைத் துணி கட்டிய பெட்டிகளில் வைத்து வளர்க்க ஆரம்பித்தாள். காய்களை மரியதாஸ் சந்தையிலிருந்து தூக்கிவந்தான். எறும்பு மொய்த்தபோது, பலகாரத் தட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பதுபோல, பெட்டிகளின் கால்களுக்கடியில் தண்ணீர் ஊற்றிய சிரட்டைகளை வைத்தார்கள். தெரசம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஊட்டுக்குள்ள மனுசி படுக்கறதா, பூச்சி படுக்கறதா?" என்று கத்தினாள். பிறகு அவளே, மகள் வேலைக்குப் போன நேரத்தில் சிரட்டைகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

விஷயம் ரைட்டர் தேவசிகாமணியின் காதுக்குப் போயிற்று. அவர் வீடுதேடி வந்தபோது எல்லோரும் பயந்தார்கள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் புழு எதுன்னு எனக்கும் ஒருக்கா காட்டு, புள்ள," என்றார். சாந்தாமேரி ஒரு இலையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். ஓடுகிற வெள்ளை, ஓடாத வெள்ளையைப் பிடித்துத் தின்னத் தொடங்கியது. ரைட்டர் நெடுநேரம் குனிந்தே இருந்தார். "அன்னைக்கு அவசரப்பட்டுட்டேன்," என்றார். மறுநாள் துரையிடம் பேசி அறைச் சாவியை வாங்கி வந்தவர் அவர்தான்.

இந்த முறை வண்டு விடுவதற்கு முன்பு பறிப்புக்காரிகள் எல்லோரையும் அறைக்குள் வரிசையாக வரவழைத்துப் புழுவைக் காட்டினாள். மாவுப்பூச்சி சுரக்கிற இனிப்புக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும், வண்டை நெருங்க விடாது. அதனால் தரையில் படுகிற கிளைகளை வெட்டிவிட்டார்கள். மரியதாஸ் எறும்புப் புற்றைத் தேடி அதில் மட்டும் மருந்து விட்டான், செடிமேல் அடிக்கவில்லை. வெயில் ஏறினால் பூச்சி பெருகும் என்று நிழல் மரங்களை மொட்டையடிக்கவும் விடவில்லை. அடுத்த கோடையிலும் மாவுப்பூச்சி இருந்தது. ஆனால் அங்கங்கே, அளவாக. பிஞ்சுகள் கொத்தில் தங்கின. பூச்சியை அடியோடு ஒழித்துவிட்டதாக யாரும் பீற்றிக்கொள்ளவில்லை. அடியோடு ஒழிந்தால் வண்டுக்குச் சோறு ஏது?

மருந்து அடிப்பது குறைந்ததில், பல வருஷமாக இருந்த மரியதாஸின் இருமலும் குறைந்தது. எண்பத்தாறில் ஏற்காட்டுக் கோயிலில் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. இந்த வயதில் எதற்கு என்று கேட்டவர்களுக்குத் தெரசம்மாள் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. கண்ணாயி ஒரு கூடை கமலா ஆரஞ்சு சுமந்து வந்தாள். ரைட்டர் ஜீப்பை அனுப்பினார். மணப்பெண் முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

அந்த அறையில் அவள் பத்து வருஷத்துக்குக் குறையாமல் இருந்தாள். அரசாணிக்காய் பழுக்கிற வாசனையும், சாக்குத் திரையின் ஓட்டைவழியே விழும் வெளிச்சமும், துணியில் வந்து மோதும் வண்டுகளின் சின்ன டப் டப் சத்தமும் அவள் நாட்களாக இருந்தன. சுற்று வட்டாரத்துச் சின்னத் தோட்டக்காரர்கள் பாட்டிலோடு வந்து கேட்டால் கொடுத்து அனுப்புவாள். தொண்ணூறுகளின் நடுவில் எஸ்டேட் கைமாறியது. புதிதாக வந்தவர்கள் மேல்காட்டை லாட்ஜ் கட்ட விற்றார்கள், களத்தை இடித்தார்கள். அறையும் போயிற்று.

கடைசி நாளில் மிச்சமிருந்த வண்டுகளையெல்லாம் சன்னலைத் திறந்து வெளியே விட்டாள். அவள் அழுவாளோ என்று மரியதாஸ் பக்கத்திலேயே நின்றான். அழவில்லை.

"நாளைக்கு வேலை இல்லியே, என்ன பண்ணப் போற?" என்று கேட்டான்.

"தூங்கப் போறேனுங்க," என்றாள்.

சொன்னபடியே மறுநாள் வெயில் ஏறும்வரை தூங்கினாள். அவளை எங்கே என்று கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர்களிடம் மரியதாஸ், சத்தம் போடாதீங்க என்று சைகை காட்டிவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து அவளுக்கும் சேர்த்துக் காப்பி போட்டான்.