பதினொரு மணிக்குள் ஒரு ஹாரன்

அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். கன்னிவாடிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து காலை ஆறு மணிக்குள் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அந்நேரத்துக்கு பஸ் கிடையாது. திரும்பும்போது பஸ் உண்டு. ஆனால் கூட்டத்தில் அம்மாவால் நிற்க முடியாது. இருந்தது அப்பாவின் பழைய கார் ஒன்றுதான். அதன் பதிவு அன்றோடு முடிகிறது. புதுப்பிக்கப் பதினொரு மணிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்ட வேண்டும்.

எட்டே காலுக்கு எல்லாவற்றையும் சரிபார்த்தேன். விளக்கு, வைப்பர், இண்டிகேட்டர், கைப்பிரேக். கடைசியாக ஹாரன். சத்தமே இல்லை.

நான் எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவள். நூற்பாலையில் மோட்டார் நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வரிசையாகப் பார்க்கத் தெரியும். அன்றும் வரிசையை மறக்கவில்லை.

ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஹாரனைக் கழற்றி நேராக பேட்டரியில் கொடுத்தேன். அலறியது. உள்ளே படுத்திருந்த அம்மா, "சரியாயிருச்சா?" என்றாள்.

"இல்லம்மா."

திரும்ப மாட்டிவிட்டு, ஹாரனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேயிலிருந்து ஸ்டீயரிங்குக்குப் போகும் வயரைக் காரின் இரும்பில் தொட்டேன். மறுபடியும் அலறியது. ரிலேயும் சரி. இந்த முறை அம்மா புரண்டு படுக்கும் சத்தம்தான் கேட்டது.

மிஞ்சியது ஸ்டீயரிங் நடுவில் இருக்கும் பொத்தான். திறந்தால் உள்ளே மஞ்சளாகக் கெட்டித்துப்போன ஏதோ ஒன்று, அதன் அடியில் பச்சை பூத்த பித்தளை நாக்கு. பொத்தானை அழுத்தினால் இரும்பைத் தொடுவது அதுதான்.

"என்னப்பா இது?" பக்கத்தில் நின்ற அப்பாவிடம் கேட்டேன்.

"சந்தனம், ஆத்தா. ஆயுத பூசைக்கு வைக்கிறதுதான."

"இம்புட்டா?"

"பன்னீர் ஊத்திக் கொழச்சு வப்பேன். நடுவுல வச்சாத்தான பாக்க நல்லாருக்கும்?"

வருடா வருடம் இடுக்கு வழியாக வடிந்து இறங்கியிருக்கிறது. உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தேன். பாதி சுத்தமானது. அப்புறம் அவசரப்பட்டேன். அரித்துப்போன பித்தளை நாக்கு பட்டென்று முறிந்து என் உள்ளங்கையில் விழுந்தது. மணி ஒன்பதரை.

உதிரிபாகக் கடைக்குப் போன் செய்தேன். "அந்த மாடலுக்கா? மதுரையில சொல்லி வைக்கணும். நாளைக்கு வரும்."

சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பதிவு இல்லாத வண்டியை வழியில் பிடித்தால் விடமாட்டார்கள். வாடகைக் கார் ஒரு நாளைக்கு வைக்கலாம், வாரம் மூன்று நாள் எங்களால் முடியாது. பைக்கில் அம்மாவால் உட்கார முடியாது. ஒரு முறை தவறவிடலாமா? போன மழைக்குத் தவறவிட்டோம். இரண்டாம் நாள் முகம் வீங்கி, படுக்க முடியாமல், இரவெல்லாம் உட்கார்ந்தே மூச்சு வாங்கினாள். யோசிக்க வேறொன்றும் மிச்சமில்லை. அழுகை வந்தது.

நிமிர்ந்தபோது வாசல் நிலையில் இருந்த காலிங் பெல் சுவிட்ச் கண்ணில் பட்டது. அதுவும் அழுத்தினால் இரண்டு வயரைத் தொடவைப்பதுதான். மெயினை நிறுத்திவிட்டு அதைக் கழற்றினேன்.

"கரண்டு அடிக்காதாத்தா?" என்றார் அப்பா.

"கார்ல பன்னெண்டு வோல்ட்டுதாம்ப்பா. அடிக்காது."

"வீட்டுக்கு வாரவுக?"

"கதவத் தட்டட்டும்."

சுவிட்சைக் காரின் டேஷ்போர்டில் திருகி, ஒரு வயரை ரிலேக்கும் இன்னொன்றை இரும்புக்கும் கொடுத்தேன். அலறியது.

பதினொரு மணிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆய்வாளர் காருக்குள் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, காலிங் பெல் வச்சிருக்கீங்க? அமுக்குனா யாரு வந்து தொறப்பா?"

"பார்ட் நாளைக்குத்தான் சார் வரும். பதிவு இன்னைக்கோட முடியுது."

அப்பாவால் பொறுக்க முடியவில்லை. "வீட்டுல அவளுக்கு டயாலிசிஸ் சார். வெள்ளிக்கெழம போகணும்."

ஆய்வாளர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கை எட்டுகிறதா என்று பார்த்தார். இரண்டு முறை அழுத்தினார். "பார்ட் வந்ததும் ஸ்டீயரிங்லயே மாட்டிருங்க" என்று கையெழுத்துப் போட்டார். அப்பா அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, "ஆயிருச்சும்மா" என்றேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"ஆகலைன்னா ஆஸ்பத்திரிக்குப் போறத அப்படியே விட்டுரலாம்னு நெனச்சேன் தாயி," என்றாள். "ஊசி குத்திக் குத்திக் கை மரத்துப்போச்சு."

என் நகக்கண்களில் பச்சை ஒட்டியிருந்தது. கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"வெள்ளிக்கெழம நாலரைக்கு எழுப்புறேன்," என்றேன். அவள் திரும்பவில்லை.