பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிற்பகல்

பாய்மரப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து அட்ரியாட்டிக் கடலில் ஒரு வாரம் சுற்றலாம் என்று என் கணவர் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "அதுல சமையல் யாருங்க?" என்பதுதான். கலிபோர்னியாவில், சான் ரமோனில் எங்கள் வட்டத்து ஆண்களுக்கு ஐம்பது தாண்டியதும் ஆளுக்கொரு கிறுக்குப் பிடிக்கும். ஒருவர் மாரத்தான் ஓடுவார். இன்னொருவர் கராஜில் கறிவேப்பிலைச் செடிக்கு ஹீட்டர் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே காவல் இருப்பார். என்னவருக்குப் படகு. கோபிச்செட்டிபாளையத்து வாய்க்காலைத் தவிர வேறு தண்ணீரில் இறங்கியிராத மனிதர், சனிக்கிழமைதோறும் ஊருக்குப் பக்கத்து விரிகுடாவுக்குப் போய்க் குளிரில் நனைந்து, படகோட்டும் சான்றிதழ் வாங்கி, அதைச் சட்டம் போட்டுச் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டினார். மகளும் கூடவே ஆரம்ப வகுப்புக்குப் போய் வந்தாள். அவள் கல்லூரி முடித்த கோடையில் இருவரும் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. தோற்றுப்போய்ப் பெட்டியில் புளிக்காய்ச்சலையும் பருப்புப்பொடியையும் அடுக்கினேன்.

குரோஷியாவில் எங்களிடம் படகை ஒப்படைத்த ஆள் நன்றாகச் சிரிக்கப் பேசுபவர். கலிபோர்னியாவிலிருந்து வருகிறோம் என்று கேட்டதும் வரைபடத்தில் ஒரு சின்னத் தீவின் மேல் விரலை வைத்தார். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் உங்கள் ஊருக்கு மீன்பிடிக்கப் போனார்கள், மீதிப் பாதி அவர்கள் பின்னாலேயே போய்விட்டார்கள், இப்போது சுவர்கள்தான் இருக்கின்றன என்றார். என் கணவருக்கு ஒரே குஷி. அங்கே ஒரு நாள் தங்கியே ஆக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். ஆள் இல்லாத ஊரில் தங்குவதற்கு இவ்வளவு செலவழித்துக்கொண்டு வர வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது.

உண்மையைச் சொல்ல வேண்டும், முதல் சில நாட்கள் நான் சந்தோஷமாகவே இருந்தேன். நாங்கள் கொண்டுபோன ரைஸ் குக்கர் படகின் மின்சாரத்தில் அசைந்துகூடக் கொடுக்கவில்லை. அதனால் கேஸ் அடுப்பில் சோறு வடித்தேன். எஞ்சினை நிறுத்தி, பாய் காற்றைப் பிடித்ததும் வருகிற அந்த அமைதி எனக்குப் பிடித்துப்போனது. இதை அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த வருஷமும் கிளம்பிவிடுவார்.

நடந்ததைச் சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் என் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்தில் "ஏனுங்க" என்றுதான் கூப்பிடுவோம். பெண்டாட்டி பெயர் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அதை நம்புகிறாயா என்று கேட்டால் இல்லை என்பேன். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவையே கட்டி மேய்க்கிறவள் இதையெல்லாம் நம்புவாளா? ஆனால் மருந்துக் கடையில் அவர் மாத்திரையை வாங்கப் போனால் பெயரை எழுத்து எழுத்தாக ஸ்பெல் பண்ணுவேன், முழுசாகச் சொல்ல மாட்டேன். பல் டாக்டர் ஆபீசிலும் அப்படித்தான். மகள் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாள். சொல்லிப் பார்த்துவிடலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்தத் தீவுக்கு ஒரு மதியம் போய்ச் சேர்ந்தோம். மூன்று பக்கமும் கரை சூழ்ந்த சின்னக் குடா. ஒரு பக்கம் மட்டும் திறப்பு, அதற்கப்பால் பெருங்கடல். குடாவின் நடுவே நங்கூரம் போட்டோம். கரையில் கல் வீடுகள், கூரை எதுவும் இல்லை. ஜன்னல் இருந்த இடமெல்லாம் ஓட்டையாகக் கிடந்தது. தண்ணீரோரம் மட்டும் ஒரு சின்ன வெள்ளைக் கோயில், அவர்களுடைய மாதா கோயில், முழுசாக நின்றது. ஈ காக்கா இல்லை. பைன் மரங்களில் சில்வண்டுகள் காதைத் துளைத்துக்கொண்டிருந்தன.

"அந்தக் கோயில் வரைக்கும் ரோ பண்ணிட்டு வந்தர்றேன்," என்றார் அவர். "கைக்கு ஒரு எக்சர்சைஸ்."

"கூட அவளைக் கூட்டிட்டுப் போங்க."

"எதுக்கு? இதோ இருக்குது, கூப்பிட்டாக் கேக்கற தூரம். வெளிய வாய்ப்பக்கம் போனாத்தான் டேஞ்சர். முனையத் தாண்டிட்டா நீரோட்டம் ஜாஸ்தி, ரப்பர் படகை இழுத்துட்டுப் போயிரும். நான் எதுக்கு அங்க போறேன்?"

பாய்மரப் படகோடு கொடுத்திருந்த சின்ன ரப்பர் படகில் துடுப்புப் போட்டுக்கொண்டு போனார். கை ரேடியோவும் அவர் போனும் கீழே சார்ஜில் கிடந்தன. அவர் கரையில் இறங்கி, படகைக் கல்லில் கட்டிவிட்டுக் கோயிலுக்குள் குனிந்து நுழைவதைப் பார்த்தேன். அப்புறம் பாத்திரம் கழுவக் கீழே போய்விட்டேன்.

சில்வண்டுகள் திடீரென்று நின்றன. அதுதான் முதலில் எனக்குத் தெரிந்தது. கைக்காரியத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே வந்தேன். வெளிச்சம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. கலிபோர்னியாவில் எங்கள் பே ஏரியா பக்கம் காட்டுத்தீக் காலத்தில் இருந்தவர்களுக்கு அந்த நிறத்தை விளக்க வேண்டியதில்லை. நட்டநடுப் பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு, ஜன்னல்களையெல்லாம் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களை நாங்கள் பார்த்தவர்கள். இங்கேயும் மலைக்கு அந்தப் பக்கம் காடு எரிகிறது. புகை சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல் வீடுகள் மறைந்தன. அப்புறம் கோயில் மறைந்தது. அப்புறம் எங்கள் படகின் முன்முனையே மறைந்தது.

மகள் ஓடிப்போய் ஹார்னை எடுத்து அழுத்தினாள். கைக்கு அடக்கமான காற்று டப்பா அது, கொஞ்ச நேரத்திலேயே இளைத்து ஓய்ந்துவிட்டது. ரேடியோவில் துறைமுகத்தைக் கூப்பிட்டாள். உதவி வரும், ஆனால் நேரம் ஆகும் என்றார்கள். இந்தப் புகையில் அவர் துடுப்புப் போட்டு வழி தவறினால் எங்கே போய்ச் சேருவார் என்பதை அவரே எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

தொண்டை கிழியக் கத்தினேன். "ஏனுங்க!"

"ஓய்..." என்று பதில் வந்தது.

அவர் குரல். அதே இழுவை. எனக்கு உயிரே திரும்பி வந்தது. ஆனால் குரல் கோயில் பக்கமிருந்து வரவில்லை. திறப்புக்கு அப்பால், கடலிலிருந்து வந்தது.

"தட்ஸ் அப்பா," என்றாள் மகள். "ஹீ'ஸ் அவுட் தேர். மா, ஐ ஹேவ் டு கோ கெட் ஹிம்." நங்கூரத்தைத் தூக்கப் போனாள்.

"இரு," என்றேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். "ஏனுங்க!"

"ஓய்..."

எங்கோ உதைத்தது. என் கணவர் முதல் கூப்பாட்டுக்குப் பதில் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் சரி, ஆபீஸ் கால் வந்திருக்கிறது என்றாலும் சரி, லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்க வைப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். இந்தக் குரலோ காத்துக்கொண்டிருந்தது. மறுபடியும் கூப்பிட வாயைத் திறந்தேன். "ஏ" என்பதுதான் வெளியே வந்தது.

"ஓய்..." என்றது அது.

மகளும் கேட்டாள். அவள் கை நங்கூரத்தைத் தூக்கும் பொத்தானிலேயே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் டே கேரில் விட்டுவிட்டு வரும்போது பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

"ஆர் வி கோயிங் ஆர் நாட்?" என்றாள்.

படகை எடுத்தால், கோயிலிலிருந்து திரும்பி வருகிறவருக்கு இங்கே படகு இருக்காது. எடுக்காவிட்டால், அங்கே நீரோட்டத்தில் இழுபடுகிறவர் போய்விடுவார். இரண்டில் ஒன்று. தவறாகச் சொன்னால் மனுஷன் இல்லை. 'ஏனுங்க' என்றால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் திரும்பிப் பார்ப்பார், காய்கறிக்காரரும் திரும்பிப் பார்ப்பார். நான் யாரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்? அது யாருக்கு வேண்டுமானாலும் போய்ச் சேரும்.

அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

நாக்கு அதற்குப் பழகியிருக்கவில்லை. முதல் தடவை கரகரவென்று பாதிதான் வந்தது. இரண்டாம் தடவை முழுசாக, குடா அதிரும்படி கத்தினேன். மகள் திடுக்கிட்டுப் போனாள். அந்தப் பெயர் என் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதேயில்லை. ஆயுசு குறைந்தால் குறையட்டும், இப்போது வந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டே கத்தினேன்.

கடல் பக்கம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் எங்கேயும் சத்தமில்லை.

அப்புறம் இடது பக்கம், நாங்கள் நினைத்ததைவிட மிகவும் பக்கத்தில், ஒரு இருமல். துடுப்பு தண்ணீரில் தட்டுகிற சத்தம். "இங்க! இங்கதான் இருக்கேன்!"

மகள் டார்ச்சை அடித்தாள். புகைக்குள்ளிருந்து ரப்பர் படகு வந்தது. எங்கள் படகைத் தாண்டித் திறப்பை நோக்கிப் போயிருந்த படகு. அதன் மூக்கு அப்போதுதான் எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. ஈரத் துண்டை மூக்குக்கும் வாய்க்கும் சேர்த்துக் கட்டியிருந்தார், கண்கள் சிவந்து வழிந்தன. இருவரும் சேர்ந்து அவரை மேலே இழுத்துப் போட்டோம். சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கூடவே திட்டவும் செய்தேன்.

தண்ணீர் குடித்து மூச்சு வந்த பிறகு மகள் அவரிடம் கேட்டாள், அங்கே கடல் பக்கம் எதற்குப் போனாய் என்று.

"நான் எங்க போனேன்? கோயில்ல இருந்து இப்பத்தான் வர்றேன்."

"அப்புறம் பதில் சொன்னது?" என்றாள் அவள்.

"பதிலா? வாயத் தொறந்தா பூராப் புகை. நான் ஒரு வார்த்தை பேசல." என்னைப் பார்த்தார். "ஹார்ன் கேட்டது, நாலாபக்கமும் கேட்டது, ஒண்ணும் புரியல. அப்புறம் நீ கூப்பிட்டே. ஏனுங்க, ஏனுங்கன்னு. அதைப் புடிச்சுட்டே ரோ பண்ணுனேன். ரொம்ப தூரத்துல கேட்டுச்சு. படகு அத்தனை தூரம் எப்படிப் போச்சு, நங்கூரம் கழண்டுக்கிச்சோன்னு பயந்துட்டேன். போகப் போக நீயும் தள்ளிப் போயிட்டே கூப்பிடறே."

"எந்தப் பக்கமுங்க?"

திறப்பைக் கை காட்டினார். "அப்புறம் பின்னாடி யாரோ என் பேரைச் சொல்லிக் கத்துனாங்க. யாருடா இது, இங்க என் பேரு தெரிஞ்சவங்கன்னு திரும்புனேன்."

மகள் ரேடியோவில் துறைமுகத்தைக் கூப்பிட்டு, அப்பா வந்துவிட்டார் என்று சொன்னாள். காற்று மாறியது, புகை கிழிந்து விலகியது, மகள்தான் சுக்கானைப் பிடித்துப் படகை வெளியே கொண்டுபோனாள். முனையைத் தாண்டும்போது நான் அந்தத் தண்ணீரைப் பார்த்தேன். படகு எதுவும் இல்லை, ஆள் எவரும் இல்லை. எண்ணெய் ஊற்றியது போல் வழவழவென்று கிடந்தது.

பாறைகளில் மோதிக் குரல் திரும்பி வந்திருக்கும், புகையில் சத்தம் திசை மாறும் என்று ஊருக்கு வந்த பிறகு அவர் நிறைய படித்துச் சொன்னார். வரைபடம்கூடப் போட்டுக் காட்டினார். நானும் தலையாட்டினேன். எதிரொலி நாம் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லும், சொல்லாத பதிலை எப்படிச் சொல்லும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவருக்கும் தூக்கம் போய்விடும்.

வீட்டில் கொஞ்ச நாள் பெயர் சொல்லியே கூப்பிட்டுப் பார்த்தேன். "ஆபீஸ்ல மேனேஜர் கூப்பிடற மாதிரி இருக்குது, பழைய மாதிரியே கூப்பிடு," என்றார். எனக்கும் ஒவ்வொரு தடவையும் பயமாகத்தான் இருந்தது. அவருடைய ஆயுசிலிருந்து ஒவ்வொரு பிடியாக அள்ளுவது போல இருந்தது. அதனால் மறுபடியும் ஏனுங்கவுக்கே வந்துவிட்டேன்.

இப்போது சில சாயங்காலங்களில் நான் சமையலறையில் இருப்பேன். வாயையே திறந்திருக்க மாட்டேன். மாடியிலிருந்து அவர் படியிறங்கி வருகிற சத்தம் கேட்கும். ஒரே கூப்பாட்டுக்கு எழுந்து வருகிற மனிதராக ஆகிவிட்டார். வாசலில் நின்று, "கூப்பிட்டியா?" என்று கேட்பார்.

"ஆமாங்க," என்பேன் உடனே. கையில் அகப்படுகிற ஊறுகாய் பாட்டிலை அவரிடம் நீட்டி, மூடி திறக்க வரவில்லை என்பேன்.